மினிஃப்ளக்ஸ் விமர்சனம்: ராசிபலனைத் தடுக்கப் போய் ராசிபுரத்தை இழக்காமல் இருக்க

காலையில் ஒரு தமிழ் நாளிதழின் ஆர்எஸ்எஸ் ஓடையை, அதாவது தளத்தில் புதிதாக வருபவற்றை வரிசையாகத் தரும் பட்டியலைத் திறந்தால் பன்னிரண்டு ராசிக்கும் பன்னிரண்டு தனிப் பதிவு, அதற்கு மேல் இன்றைய பஞ்சாங்கம், நல்ல நேரம், தங்கம் விலை, ஒரு நடிகை கடற்கரையில் நிற்கும் புகைப்படம், அந்தப் புகைப்படத்துக்கு ரசிகர்கள் என்ன சொன்னார்கள் என்று இன்னொரு பதிவு. நடுவில் எங்கோ நமக்கு வேண்டிய செய்தி இருக்கும். சமூக ஊடகங்கள் தள்ளிவிடுவதையெல்லாம் படிக்கப் பிடிக்காமல் ஆர்எஸ்எஸ் பக்கம் வந்தவர்களுக்கு இது பழகிப்போன எரிச்சல். மினிஃப்ளக்ஸ் என்ற ஓடை வாசிப்பியில் இருக்கும் தடுப்பு விதிகள் இந்த எரிச்சலுக்கு எவ்வளவு தூரம் உதவுகின்றன என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். மற்ற வசதிகளை ஓரிரு வரியில் தாண்டிவிடுவேன், அவற்றைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள்.

சுருக்கமாக வேண்டுமென்றால்: ஆங்கில ஓடைகளுக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். தமிழ் ஓடைகளுக்கு, ரெஜெக்ஸ் (தேட வேண்டிய எழுத்து வடிவத்தைக் குறிகளால் சொல்லும் முறை) எழுதுபவர் யூனிகோடில் (எழுத்துகளைக் கணினி எண்களாக வைத்துக்கொள்ளும் முறை) தமிழ் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தவராக இருந்தால் நாலு, தெரியாதவராக இருந்தால் இரண்டு. அந்த இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் இருப்பதுதான் இந்தப் பதிவின் பெரும்பகுதி.

மினிஃப்ளக்ஸ் என்பது கோ என்ற நிரல் மொழியில் எழுதப்பட்ட, நம் சர்வரில் நாமே நிறுவிக்கொள்ளும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். ஒரே ஒரு நிரல் கோப்பு, பின்னால் ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், அவ்வளவுதான். போஸ்ட்கிரெஸ் தவிர வேறு எதையும் ஏற்காது, எஸ்கியூலைட் என்ற எளிய தரவுத்தளத்தில் ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு இடமில்லை. தோற்றம் ரொம்ப வறட்சியானது, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். கூகுள் ரீடர் ஏபிஐ, ஃபீவர் ஏபிஐ (வேறு செயலிகள் வாசிப்பியோடு பேசும் வழிகள்) இரண்டும் பேசும் என்பதால் கைபேசியில் நமக்குப் பிடித்த வேறு செயலியில் படித்துக்கொள்ளலாம். பதிவுகளில் இருக்கும் வேவு பிக்சல்களை (நாம் படித்ததை அனுப்பியவருக்குச் சொல்லிவிடும், கண்ணுக்குத் தெரியாத படங்களை) எடுத்துவிடும். சர்வர் வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு அவர்களே காசு வாங்கிக்கொண்டு நடத்தும் சேவையும் உண்டு. சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஓடையை ரெஜெக்ஸ் வைத்து வடிகட்டுவது புது யோசனை இல்லை. ஓடைகளைச் சேர்த்து மாற்றிக்கொள்ள உதவிய யாகூ பைப்ஸ் என்ற இணையச் சேவை 2007 பிப்ரவரியில் வந்தபோதே அதில் வடிகட்டி என்று ஒரு பெட்டி இருந்தது, இந்த மாதிரி தலைப்பு வந்தால் விடு, அந்த மாதிரி வந்தால் தடு என்று சுட்டியால் இழுத்து இழுத்தே கட்டிவிடலாம். 2015 செப்டம்பர் 30-ம் தேதி அதை மூடினார்கள். அதற்கு முன்பே, 2013 ஜூலை 1-ல் கூகுளின் ஓடை வாசிப்பியான கூகுள் ரீடருக்கும் மூடுவிழா நடந்திருந்தது. சொந்த சர்வரில் வாசிப்பி வைத்துக்கொள்ளும் பழக்கம் பலருக்கு வந்ததே இந்த இரண்டு மூடுவிழாக்களால்தான். பைப்ஸ் அளவுக்கு அழகான ஒன்று அப்புறம் வரவே இல்லை என்று எனக்கு இன்னும் ஒரு குறை உண்டு, ஆனால் அதை மினிஃப்ளக்ஸ் மேல் ஏற்றுவது நியாயமில்லை.

மினிஃப்ளக்ஸில் விதி எழுதும் முறை எளிமையானது. ஒரு பெரிய உரைப்பெட்டி, அதில் ஒரு வரிக்கு ஒரு விதி. முதலில் எந்தப் பகுதியில் தேட வேண்டும் என்று அதன் ஆங்கிலப் பெயர், அப்புறம் சமக்குறி, அப்புறம் ரெஜெக்ஸ். தலைப்பு, இணைப்பு முகவரி, உள்ளடக்கம், எழுதியவர், குறிச்சொல் என்று தனித்தனியாகப் பார்க்கலாம். தேதிக்கும் விதி உண்டு, அதில் எனக்குப் பிடித்தது எதிர்காலத் தேதி போட்டு வரும் பதிவுகளைத் தடுப்பது, ஏனென்றால் சில தளங்கள் நாளைய தேதி போட்டு ஒரு பதிவை விட்டுவிடும், அது பட்டியலின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே இறங்காது. எல்லா ஓடைகளுக்கும் பொதுவான விதிகளை அமைப்புப் பக்கத்திலும், ஒரு ஓடைக்கு மட்டுமான விதிகளை அந்த ஓடையின் பக்கத்திலும் எழுத வேண்டும். எந்த வரி பொருந்தினாலும் பதிவு போய்விடும்.

இதற்கு எதிர்ப்பக்கமாக அனுமதி விதிகளும் இருக்கின்றன. ஒன்றுகூடப் பொருந்தாத பதிவு உள்ளே வராது. இதைப் பொதுப் பெட்டியில் எழுதிவிடாதீர்கள், மழைச் செய்திக்காக வைத்த ஒரு வரி மற்ற எல்லா ஓடைகளையும் காலி செய்துவிடும். ஓடையின் பக்கத்தில் மட்டும் வைத்தால் ரொம்ப உபயோகமானது.

இப்போது ராசிபலன். ஒரே சொல்லை நம் தளங்கள் எத்தனை விதமாக எழுதுகின்றன என்று பாருங்கள்: ராசிபலன், ராசி பலன், ராசிப்பலன், ராசிப் பலன், இராசி பலன், ராசி-பலன். எல்லாவற்றையும் ஒரே வரியில் பிடிக்க ரெஜெக்ஸ் பழகிய கை உடனே இப்படி எழுதும்:

ராசிப்?[ -]*பலன்

பார்க்க சரியாகத்தான் இருக்கிறது. கேள்விக்குறி போட்டதால் ப் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், [ -]* என்பதால் இடைவெளியோ இணைகோடோ எத்தனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி, அதானே? ஆனால் இது ராசிபலனைப் பிடிக்காது. காரணம், ப் என்பது நம் கண்ணுக்கு ஒரு எழுத்து, யூனிகோடில் ப என்ற குறியீடும் புள்ளி என்ற குறியீடும் சேர்ந்த இரண்டு. கேள்விக்குறி தனக்கு முன்னால் நிற்கும் ஒன்றைத்தான் பார்க்கும், அதாவது புள்ளியை மட்டும். எனவே இந்த விதிக்கு ப என்ற எழுத்து கட்டாயம், புள்ளி மட்டும் விருப்பம். சரியான வடிவம் இது:

ராசி(ப்)?[ -]*பலன

அடைப்புக்குறி போட்டதும் ப்-ஐ ஒட்டுமொத்தமாக எடுத்துக்கொள்ளும். கடைசியில் ஏன் ன் இல்லாமல் வெறும் ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அதுவும் இதே கதைதான், ஆனால் இந்தத் தடவை நமக்குச் சாதகமாக. பலன் என்று புள்ளியோடு முடித்தால் பலனை, பலனும், பலனில் எல்லாம் தப்பித்துவிடும், ஏனென்றால் அங்கே ன-வுக்குப் பிறகு புள்ளிக்குப் பதிலாக வேறு உயிர்க்குறி வருகிறது. புள்ளியை விட்டுவிட்டால் பலன், பலன்கள், பலனை எல்லாமே மாட்டும். நடிகர் என்பதை நடிகர என்று எழுதினால் நடிகரின், நடிகருக்கு, நடிகர்கள் எல்லாம் அதில் அடங்கும். வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டே போகும் மொழிக்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

ஆனால் இதே மலிவு வேறு இடத்தில் காலை வாரும். அகரத்தில் முடியும் எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் ரெஜெக்ஸுக்கு அது அந்த உயிர்மெய் வரிசை முழுவதற்கும் பொருந்தும். தங்க என்று தடுத்தால் தங்கும் விடுதி, தங்கியிருந்த, தங்கச்சி எல்லாம் போகும். பட என்று கொடுத்தால் படி, படை, படுகாயம், பட்டா, பட்டாசு வரைக்கும் போகும், அப்புறம் சிவகாசி பக்கத்தில் விபத்து நடந்தாலும் உங்களுக்குத் தெரியாது. ராசி என்று மட்டும் எழுதினால் நாமக்கல் மாவட்டத்து ராசிபுரம் உங்கள் வரைபடத்திலிருந்து காணாமல் போகும். ஆக, புள்ளியை விடுவது சொல்லின் பெரும்பகுதி ஏற்கெனவே தனித்து அடையாளம் தெரியும்படி இருந்தால் மட்டும்தான். தங்கம் விலைக்கு இப்படி எழுதலாம்:

தங்க(ம்|த்தின்)?[ ]+விலை

தங்கம் விலை, தங்கத்தின் விலை, தங்க விலை மூன்றும் மாட்டும், தங்கும் விடுதி மாட்டாது. மகர ஈற்றுச் சொல் எதுவாக இருந்தாலும் இந்த ம், த்து மாற்றம் வரும் என்பதால் அதைத் தனியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும், படம் என்று எழுதினால் படத்தின் பிடிபடாது. (எங்கள் வீட்டில் தங்கம் விலையைத் தடுக்க முடியாது, அதைப் படிக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். விதி எழுதத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.)

சதுர அடைப்புக்குறிக்கும் இதே எச்சரிக்கை. சதுர அடைப்புக்குள் கா என்று எழுதினால் அது கா என்ற எழுத்தைத் தேடாது, க அல்லது துணைக்கால், இரண்டில் ஒன்று என்று தேடும். இதை வைத்துக் குறும்பாக ஒன்று செய்யலாம்:

நடிக[ரை]

நடிகரை என்று படிக்கத் தோன்றும். ஆனால் ரெஜெக்ஸுக்கு இது நடிக என்பதற்குப் பிறகு ர அல்லது ஐகாரக் குறி, அதாவது நடிகர், நடிகை இருவரும் ஒரே வரியில். நடிக்கும், நடிப்பு மாட்டாது. எழுதி வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் நமக்கே புரியாது என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன், ஆனாலும் அழகாகத்தான் இருக்கிறது.

அடுத்தது சொல் எல்லை. ஆங்கிலத்தில் ஒரு சொல் தனியாக வந்தால் மட்டும் பொருந்து என்று சொல்ல பேக்ஸ்லாஷ் போட்டு ஒரு சின்ன பி போடுவார்கள். இணையத்தில் கிடைக்கும் எல்லா உதாரணங்களிலும் அது இருக்கும். கோ மொழியின் ரெஜெக்ஸில் அந்த எல்லைக்குறிக்கு ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான் சொல்லின் பகுதி. தமிழ் எழுத்தும் இடைவெளியும் அதற்கு ஒன்றுதான், இரண்டுமே சொல் இல்லாதவை, அதனால் நடுவில் எல்லையும் இல்லை. இருபுறமும் அந்தக் குறி போட்டு ஒரு தமிழ்ச் சொல்லை எழுதினால், இடைவெளிகளுக்கு நடுவில் இயல்பாக வரும் அந்தச் சொல்லை அந்த விதி ஒருபோதும் பிடிக்காது. பிழைச் செய்தியும் வராது, விதி சும்மா இருக்கும். இது மினிஃப்ளக்ஸுக்கு மட்டும் உள்ள குறை இல்லை, பைத்தான் என்ற நிரல் மொழியில்கூட சொல் என்றால் என்ன என்பதில் உயிர்க்குறிகளுக்கும் புள்ளிக்கும் இடம் கிடையாது, அங்கே தமிழ் என்ற சொல்லைச் சொல் சொல்லாகப் பிரிக்கச் சொன்னால் தம, ழ என்று இரண்டு துண்டாகக் கையில் கொடுக்கும். மாற்று வழி, எல்லையை நாமே கையால் எழுதுவது:

(^|[ "'(:,-])பட(ம்|த்)

தலைப்பின் தொடக்கம், அல்லது ஒரு இடைவெளி, மேற்கோள், அடைப்புக்குறி, முக்காற்புள்ளி இப்படி ஏதாவது ஒன்றுக்கு அடுத்து படம் அல்லது படத் வந்தால் மட்டும். இது ஏன் முக்கியம் என்றால், சினிமாவைத் தடுக்க படம் என்று மொட்டையாக எழுதியவர்கள் வரைபடத்தையும் புகைப்படத்தையும் சேர்த்தே இழக்கிறார்கள். வாக்காளர் பட்டியல் செய்தியில் புகைப்படம் என்று வரும், வானிலைச் செய்தியில் வரைபடம் என்று வரும்.

இந்த இடத்தில் ரெஜெக்ஸ் தெரிந்தவர்கள் பின்னோக்கிப் பார்க்கும் மறுப்பைக் கேட்பார்கள், அதாவது இப்படி:

(?<!வரை)(?<!ப்)படம்

முன்னால் வரை என்றோ ப் என்றோ இல்லாத படம் மட்டும். மினிஃப்ளக்ஸ் இதை ஏற்காது. முன்னோக்கிப் பார்க்கும் மறுப்பும் கிடையாது. பொது விதிகளின் பெட்டியில் எழுதிச் சேமிக்கப் போனால் இத்தனையாவது விதியின் ரெஜெக்ஸ் சரியில்லை என்று சொல்லிவிடும், அந்தளவுக்கு நாணயம். விலக்குவதற்கென்றே இருக்கும் ஒரு கருவியில் 'இது வேண்டாம், ஆனால் அது இருந்தால் பரவாயில்லை' என்று சொல்ல வழி இல்லாதது முதலில் பெரிய ஓட்டையாகத்தான் தெரியும். தடுப்பு விதி, அனுமதி விதி இரண்டையும் சேர்த்து இதைச் செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், தடுப்பில் மாட்டியது மாட்டியதுதான், அனுமதி விதி அதைக் காப்பாற்றாது.

ஆனால் இந்த மறுப்பு வசதி இல்லாததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். கோ மொழியின் ரெஜெக்ஸ், கூகுளின் ஆர்ஈ2 என்ற ரெஜெக்ஸ் நிரலின் வழியில் வந்தது. உரை எவ்வளவு நீளமோ அந்த விகிதத்தில்தான் நேரம் எடுக்கும் என்று உத்தரவாதம் தருகிறது. அந்த உத்தரவாதத்துக்காக, பின்னோக்கி நடந்து நடந்து பார்க்க வேண்டிய வசதிகளை விட்டுவிட்டார்கள். மற்ற வகை ரெஜெக்ஸில் என்ன ஆகும் என்பதற்கு 2019 ஜூலை 2-ம் தேதியே போதும், மற்றத் தளங்களுக்கு முன்னால் நின்று காக்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் தன் ஃபயர்வால் விதிகளில் சேர்த்த ஒரே ஒரு ரெஜெக்ஸ் உலகம் முழுக்க அவர்களுடைய சர்வர்களின் சிபியுவைக் குடித்துவிட்டது, 27 நிமிடம் அவர்கள் பின்னால் இருந்த தளங்கள் தடுமாறின. அதற்கு முன் 2016 ஜூலை 20-ல் நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடம் விழுந்தது, அங்கே காரணம் ஒரு பதிவில் வரிசையாக இருந்த இருபதாயிரம் இடைவெளிகளும், வரி ஓரத்தில் இருக்கும் இடைவெளியை வெட்ட எழுதிய ஒரு சாதாரண ரெஜெக்ஸும். ஓடை என்பது யாரோ எழுதி நம் சர்வருக்குள் வரும் உரை. அதில் என்ன இருக்கும் என்பது நம் கையில் இல்லை. ஒரு மூலையில் கிடக்கும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் இதை ஓட்டுபவருக்கு, எந்த விதி எழுதினாலும் சர்வர் மூச்சுத் திணறாது என்பது சின்ன விஷயம் இல்லை.

எனக்கு உண்மையில் உறுத்துவது வேறு. தடுக்கப்பட்ட பதிவு எங்கே போகிறது? எங்கும் போவதில்லை. அது தரவுத்தளத்துக்குள் நுழைவதே இல்லை. தடுக்கப்பட்டவை என்று ஒரு பட்டியல் இல்லை, இன்று எத்தனை போயின என்ற எண்ணிக்கை இல்லை. சர்வரின் பதிவேட்டை டீபக் (நுணுக்கமாகப் பதியும்) நிலைக்கு மாற்றினால் எது தடுக்கப்பட்டது என்று வரி வரியாக வரும், ஆனால் அதைத் தினமும் யார் போய்ப் பார்ப்பது? விதி அகலமாக இருந்தால் என்ன இழந்தீர்கள் என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை, ஏனென்றால் இழந்ததைப் பார்க்கவில்லை. தப்பாக வந்த பதிவு கண்ணில் படும், உடனே திட்டிக்கொண்டே விதியைத் திருத்துவோம். தப்பாகப் போன பதிவு யார் கண்ணிலும் படாது. விதியை எடுத்துவிட்டால், அந்தப் பதிவு ஓடையில் இன்னும் இருக்கும் பட்சத்தில் திரும்ப எடுக்கச் சொல்லி உள்ளே கொண்டுவரலாம், ஆனால் பரபரப்பான செய்தித் தளத்தின் ஓடையில் ஒரு பதிவு சில மணி நேரம்கூட நிற்காது. அதே மாதிரி, விதி போடுவதற்கு முன்பே உள்ளே வந்துவிட்ட பதிவுகளை விதி தொடாது, அவற்றை நீங்கள்தான் படித்ததாகக் குறித்துத் தள்ள வேண்டும்.

இந்த இடத்தில்தான் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் என்ற இன்னொரு ஓடை வாசிப்பி முந்துகிறது. அது பிஎச்பியில் எழுதப்பட்டது, எஸ்கியூலைட்டிலும் ஓடும், தோற்றத்தில் கொஞ்சம் நெரிசல். அதன் வடிகட்டி பதிவைத் தூக்கி எறிவதில்லை, படித்ததாகக் குறித்துவிடுகிறது. நம் முன்னால் வராது, ஆனால் தேடினால் இருக்கும். வாரத்துக்கு ஒரு தடவை படித்தவற்றைப் புரட்டினால் விதி எதைத் தின்றது என்று தெரிந்துவிடும். அங்கே ரெஜெக்ஸைத் தேடல் சொற்றொடருக்குள்ளேயே சாய்கோடுகளுக்கு நடுவில் எழுதலாம், முன்னால் ஒரு கழித்தல் குறியோ ஆச்சரியக்குறியோ போட்டால் மறுப்பு. அதனால் தலைப்பில் படம் உண்டு, ஆனால் வரைபடம் இல்லை என்று இரண்டு துண்டாகவே எழுதிவிடலாம், பின்னோக்கிப் பார்க்கும் வித்தை எதுவும் தேவைப்படாது. அந்த வித்தைதான் வேண்டும் என்றாலும் வடிகட்டியில் பிஎச்பியின் ரெஜெக்ஸ் அதற்கு இடம் கொடுக்கும். ஒரு சிக்கல், வடிகட்டியில் ஓடும் ரெஜெக்ஸும் தேடல் பெட்டியில் ஓடும் ரெஜெக்ஸும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை, தேடலுக்குப் பின்னால் இருப்பது எந்தத் தரவுத்தளமோ அதன் ரெஜெக்ஸ். தேடலில் சரிபார்த்துவிட்டு வடிகட்டியில் ஒட்டுபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் ஏன் இன்னும் மினிஃப்ளக்ஸ்? வேகம், அப்புறம் தரவுத்தளம் வீங்காமல் இருப்பது. நேரலைப் பதிவுகளையும் ராசிபலனையும் வருடக்கணக்கில் சேர்த்து வைத்து யாருக்கு என்ன லாபம். ஒரு பதிவு எனக்கு ஒருபோதும் வேண்டாம் என்று தலைப்பை வைத்தே உறுதியாகச் சொல்ல முடியுமானால் மினிஃப்ளக்ஸின் வழிதான் சரி. சனிப்பெயர்ச்சி இரண்டரை வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கிறது, ஆனால் அதைப் பற்றிய பதிவுகள் அதற்குப் பல மாதம் முன்பே ஆரம்பித்துவிடும்.

(குரு|சனி|ராகு[ -]*கேது)(ப்)?[ -]*பெயர்ச்சி

இந்த ஒரு வரியில் அடங்கும். இதில் தவறிப்போய் நல்ல செய்தி மாட்ட வாய்ப்பு மிகக் குறைவு. ஐபிஎல் காலத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்:

ஐ\.?[ ]?பி\.?[ ]?எல்

ஐபிஎல், ஐ.பி.எல், ஐ.பி.எல்., ஐ. பி. எல். எல்லாம் போகும், ஐபிஎஸ் அதிகாரிகள் பத்திரமாக இருப்பார்கள். இங்கே கேள்விக்குறி முற்றுப்புள்ளிக்கும் இடைவெளிக்கும்தான் என்பதால் பழைய சிக்கல் வராது. ஆங்கிலத்தில் எழுதும் தளங்களுக்கு இதே விதியை ஆங்கில எழுத்திலும் தனி வரியாக வைக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு மட்டும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காதே என்ற குறியை முன்னால் போடுங்கள், தமிழுக்கு அது தேவையே இல்லை.

இணைப்பு முகவரியை வைத்துத் தடுப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. தளம் தன் முகவரியிலேயே சினிமா, ஜோதிடம் என்று பிரிவின் பெயரை ஆங்கிலத்தில் வைத்திருந்தால், சாய்கோடுகளுக்கு நடுவில் அந்தப் பெயர் வந்தால் தடு என்று ஒரே வரி போதும், தலைப்பில் எந்தச் சொல் வந்தால் நமக்கென்ன. சந்தி, புணர்ச்சி எதுவும் குறுக்கே வராது. ஆனால் முகவரியில் தமிழையே எழுதும் தளங்களில் இது பலிக்காது. அங்கே பெரும்பாலும் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாகி வரும், தமிழ் என்ற சொல் மட்டும் நாற்பத்தைந்து எழுத்து நீளத்துக்கு வாலாட்டும். அதற்குள் தமிழில் எழுதிய விதி எதையும் கண்டுபிடிக்காது.

உள்ளடக்கத்தில் தேடும் விதியை நான் செய்தி ஓடைகளுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். நிறைய தமிழ்த் தளங்கள் ஓடையில் இரண்டு வரிச் சுருக்கம்தான் தருகின்றன, விதிக்குத் தெரிவது அவ்வளவுதான். முழுக் கட்டுரையும் தரும் தளங்களில் நேர்மாறான தொல்லை, கட்டுரையின் அடியில் 'இதையும் படியுங்கள்' என்று ஒட்டியிருக்கும் சினிமா இணைப்புக்காகப் பட்ஜெட் கட்டுரை போய்விடும்.

விதி சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பொருந்தவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாதவற்றை. கொ, கோ, கௌ போன்றவற்றின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்பாதி பின்பாதியாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ரெஜெக்ஸுக்கு இரண்டும் வேறு. பழைய எழுத்துரு முறைகளிலிருந்து மாற்றிய உரையில் இந்த இரண்டாவது வகை வந்து சேரும். ஔவையாரை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஸ்ரீ என்பதில் முதல் எழுத்து ஸ-வாகவும் இருக்கலாம், 2005-ல் யூனிகோடில் தனியாகச் சேர்த்த ஶ-வாகவும் இருக்கலாம். இடைவெளி என்று நாம் நினைப்பது வலைப்பக்கத்தின் உடையாத இடைவெளியாக இருந்தால் மேலே நான் எழுதிய [ ] அதைக் கண்டுகொள்ளாது, இடைவெளிக்கென்று இருக்கும் குறுக்குவழிக் குறியும் கோ மொழியில் அதைக் கண்டுகொள்ளாது. இவற்றையெல்லாம் சமன் செய்துவிட்டுத் தேடும் வசதி மினிஃப்ளக்ஸில் இருந்திருந்தால் தமிழுக்கும் நாலரை கொடுத்திருப்பேன்.

விதிகளை நேரடியாகப் பெட்டியில் எழுதிப் பார்க்காதீர்கள். ரெஜெக்ஸ்101 தளத்தில் கோ மொழி வகையைத் தேர்ந்தெடுத்து, ஓடையிலிருந்து ஐம்பது அறுபது தலைப்புகளை அப்படியே நகலெடுத்து ஒட்டி, அதில் முதலில் பாருங்கள். கையால் தட்டிய தலைப்பு வேண்டாம், உங்கள் விசைப்பலகை ஒழுங்கான யூனிகோடைத்தான் கொடுக்கும், தளம் என்ன கொடுக்கிறது என்பதுதான் கேள்வி. மாட்ட வேண்டியவை மாட்டுகின்றனவா என்பதைவிட மாட்டக் கூடாதவை மாட்டாமல் இருக்கின்றனவா என்று பார்க்க அதிக நேரம் செலவிடுங்கள். ராசிபுரம், வரைபடம், தங்கும் விடுதி, பட்டாசு ஆலை என்று ஒரு சின்ன சோதனைப் பட்டியலை நிரந்தரமாக வைத்துக்கொண்டால் புது விதி எழுதும்போதெல்லாம் உதவும்.

யாருக்கு இது ஒத்துவரும் என்றால், சொந்தமாக ஒரு சின்ன சர்வர் வைத்திருப்பவர், ஆங்கிலமும் தமிழும் கலந்து நிறைய ஓடைகள் படிப்பவர், தடுக்க வேண்டியவை குறிப்பிட்ட வடிவத்தில் திரும்பத் திரும்ப வருபவை என்று உள்ளவர். ஒரு கட்சியைப் பற்றியோ ஒரு ஆளைப் பற்றியோ வரும் செய்தியே வேண்டாம் என்று பெயரை வைத்துத் தடுக்க நினைப்பவர் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் பக்கம் போவது நல்லது, பெயர்கள் எங்கெல்லாம் வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, அங்கே குறைந்தபட்சம் திரும்பிப் பார்க்க வழி இருக்கிறது. இரண்டையும் ஒரே சர்வரில் வைத்துக்கொண்டு, தொல்லை பிடித்த இரண்டு மூன்று நாளிதழ்களை மட்டும் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸில் விட்டுவிட்டு மற்றதை மினிஃப்ளக்ஸில் படிப்பதும் நடக்கக்கூடியதே, இரண்டுமே கூகுள் ரீடர் ஏபிஐ பேசுவதால் இரண்டு கணக்கையும் ஏற்கும் செயலி ஒன்று கிடைத்தால் கைபேசியில் ஒரே இடத்தில் படித்துக்கொள்ளலாம்.